மருந்தும் மரபும் – 11: மயக்க ஊசிக்கு முன் ஒரு கேள்வி

ஜலகண்டாபுரத்தில் ஒருவருக்குக் குடல்வாலை எடுத்தாக வேண்டும் என்று வந்துவிட்டால், வீட்டார் மேட்டூர் அரசு மருத்துவமனைக்கோ சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புறப்படுவார்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சேலத்தில் ஏதாவது ஒரு நர்சிங் ஹோம். போய்ச் சேர்ந்ததும் கேள்விகள் வரிசையாக வரும். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, காலையில் ஏதும் சாப்பிட்டாரா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா? இந்த வரிசையில் இன்னொரு கேள்வியும் தவறாமல் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே இந்த வாரக் கட்டுரையை எழுதுகிறேன். "ஏம்மா, உங்க வீட்டுல யாருக்காச்சும் ஆபரேஷனுக்கு அப்புறம் மூச்சு வர நேரமாயி, மெஷின்ல வெச்சிருந்தாங்களா?"

மயக்க மருத்துவர்கள் ஸ்கோலின் என்று சொல்லும் மருந்தின் முழுப்பெயர் சக்சினைல்கோலின். 1950-களின் தொடக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நோயாளியின் தொண்டைக்குள் மூச்சுக்குழாயைச் செருகும்போது தசைகள் எதிர்க்கக் கூடாது. ஸ்கோலின் ஒரே நிமிடத்தில் உடம்பின் தசைகளையெல்லாம் தளர்த்திவிடும். மூச்சுத் தசைகளும் நின்றுவிடும் என்பதால், அந்த நேரத்தில் மருத்துவரே நோயாளிக்காக மூச்சு விடுகிறார். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் மருந்தின் வேலை முடிந்து மூச்சு திரும்பும். வேகமாக ஏறி வேகமாக இறங்குவதால்தான் அவசர அறுவைக்கு அதை இன்றைக்கும் கையில் எடுக்கிறார்கள்.

இறங்க வைப்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி. பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்பது அதன் பெயர்; லேப் சீட்டில் சூடோகோலினெஸ்டரேஸ் என்றும் எழுதியிருக்கும். கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் சுற்றும் இந்த நொதி, ஊசியில் ஏறிய ஸ்கோலினின் பெரும்பகுதியைத் தசைக்குப் போய்ச் சேரும் முன்பே உடைத்துவிடுகிறது. நொதி இல்லாதவருக்கு அதே அளவு மருந்து ஏறினால் மொத்தமும் தசையைப் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் மணிக்கணக்காக நீளும். வென்டிலேட்டரும் பொறுமையான மருத்துவரும் பக்கத்தில் இருந்தால் அந்த மணிகள் கழியும், நோயாளி நலமாக எழுந்திருப்பார். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. ஸ்கோலினுக்கு நினைவை மறைக்கும் சக்தி கிடையாது. மயக்கம் தெளிந்து நினைவு திரும்பிய ஒருவர், விரலைக்கூட அசைக்க முடியாமல், பேச முடியாமல், சுற்றி நடப்பதைக் கேட்டுக்கொண்டு கிடக்கக்கூடும். ஆகவேதான் தசை திரும்பும் வரை நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

மருந்தும் மரபும் என்ற துறையே கிட்டத்தட்ட இந்த நொதியின் வாசலில்தான் பிறந்தது. டொரன்டோவில் இருந்த வெர்னர் காலோ, ஸ்கோலினுக்குப் பிறகு மூச்சு திரும்பாதவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து, இது பரம்பரையாக வருவது என்று காட்டினார். 1957-ல் அதைக் கண்டறிய டிபுகெய்ன் சோதனையையும் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, 1959-ல், ஜெர்மானியர் ஃபிரீட்ரிஷ் ஃபோகல் இந்தத் துறைக்குப் பெயரே வைத்தார். ஐரோப்பிய, அமெரிக்க மக்களில் இந்த நொதி அறவே வேலை செய்யாதவர்கள் லட்சத்தில் ஒருவர் என்பது கணக்கு. அங்கே அது அபூர்வம்.

நம் பக்கத்தில் அப்படி இல்லை. ஆந்திர வைசியரிடையே இந்தக் குறை வியக்கத்தக்க அளவில் இருக்கிறது என்று 1979-லேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. ஏறத்தாழ 24 பேரில் ஒருவர். லட்சத்தில் ஒருவரோடு ஒப்பிட்டால் நான்காயிரம் மடங்கு. ஆரிய வைசியர் என்றும் சொல்லப்படும் இவர்கள் ஆந்திரத்தோடு நிற்பவர்கள் அல்லர். கன்னிகா பரமேஸ்வரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் அந்தச் சமூகம் சேலம், கோவை என்று தமிழகக் கடைத்தெருக்களில் தலைமுறைகளாக வாழ்கிறது. குறைக்குக் காரணமான மரபணு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்ததும் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ரத்தினம் பூபதியும் இந்துமதி மனோகரனும், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருந்த ஒக்ஸானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து 2006-ல் அதை வெளியிட்டார்கள்.

மூன்றாவது குரோமோசோமில் உள்ள பிசிஹெச்இ என்ற மரபணுதான் இந்த நொதிக்கான எழுத்து. நொதி 574 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதில் 307-வது இடத்தில் லூசின் இருக்க வேண்டும். வைசியரில் பலருக்கு ஒரே ஒரு எழுத்து மாறி, லூசினுக்குப் பதில் புரோலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புரோலின் சங்கிலியை விறைப்பாக வளைக்கும் அமிலம். தப்பான இடத்தில் வந்தால் நொதியின் மடிப்பே கெடும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இதே பிழை வந்து சேர்ந்தவரின் ரத்தத்தில் நொதியின் செயல் பார்க்கவே கிடைப்பதில்லை. 24 பேரில் ஒருவருக்கு இரு பிரதியும் பிழை என்றால், கணக்குப்படி கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் ஒரு பிரதியையாவது சுமக்கிறார்.

ஏன் இவர்களிடம் மட்டும் இவ்வளவு? இதற்கு விடை கணினியிலிருந்து வந்தது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் லால்ஜி சிங்கும், ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2009-ல் 25 இந்தியக் குழுக்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். 2017-ல் அது 260-க்கும் மேற்பட்ட குழுக்களாக வளர்ந்தது. செய்முறை எளிய எண்ணத்தில் நிற்கிறது. ஒரே குழுவைச் சேர்ந்த, நெருங்கிய உறவில்லாத இருவரின் மரபணு எழுத்துகளை அருகருகே வைத்து, எங்கெல்லாம் நீண்ட பகுதிகள் அப்படியே ஒத்துப்போகின்றன என்று நிரல் தேடுகிறது. அப்படிப்பட்ட பகுதிகள் நிறைய இருந்தால், அந்தக் குழு ஒரு காலத்தில் மிகச் சிலரிலிருந்து பெருகி, பிறகு வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் வளர்ந்தது என்று பொருள். ஆராய்ந்த 263 குழுக்களில் 81 குழுக்களின் அடையாளம், மரபு நோய்களுக்காக உலகப் புகழ்பெற்ற ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விஞ்சி நின்றது. வைசியர் அவற்றில் ஒரு குழு. அவர்கள் சிறு கூட்டம் இல்லை, முப்பது லட்சத்துக்கும் மேல். ஆனால் தோற்றுவாய் குறுகியது, இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது.

தறி ஓடும் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். ஊடையில் ஓர் இழை நிறம் மாறினால் சேலையில் ஒரு வரி கெடும். பாவில் ஓர் இழை நிறம் மாறினால் முந்தானை வரை கோடு ஓடும். ஆதியில் இருந்த சிலரில் ஒருவரிடம் இருந்த எழுத்துப் பிழை பாவில் விழுந்த இழை.

இதில் ஒரு தப்பெண்ணத்தை இப்போதே களைந்துவிட வேண்டும். நாம் சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வருவது, அத்தை மகனையும் மாமன் மகளையும் விட்டு வெளியே பார்த்தால் போதும் என்று சொல்வார்கள். சொந்தக் கல்யாணம் வேறு, இது வேறு. உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே சமூகத்துக்குள் சம்பந்தம் செய்தாலும் அதே பழைய எழுத்து இரு பக்கமிருந்தும் வந்து சேரலாம். வைசியர் என்றால் எல்லோருக்கும் குறை என்பதும் தப்பு. 24-ல் 23 பேரின் ரத்தத்தில் நொதி இருக்கிறது. குறை உள்ளவரும் நோயாளி அல்லர். பூபதியின் குழு 2007-ல் இந்த நொதியே இல்லாதவர்களின் உடல்நலத்தைத் தனியாக ஆராய்ந்தபோது, அதனால் வந்தது என்று சொல்லத்தக்க நோய் எதையும் காணவில்லை. எழுபது எண்பது வயது வரை கடை நடத்தி, பேரப்பிள்ளைகளைக் கண்டு வாழலாம். ஆபத்து பெரும்பாலும் ஓர் ஊசியில்தான் இருக்கிறது. ஆகவே ஜாதகத்தோடு இந்த ரத்தச் சோதனையையும் கேட்கும் வழக்கம் எந்த வீட்டிலும் தலைகாட்டக் கூடாது.

மரபணுத் தரவைக் கணினியால் அலசும் உயிர்தகவலியல் சறுக்குவதும் இப்படி நோய் தராத குறையில்தான். ஓர் எழுத்து மாற்றம் புரதத்தைக் கெடுக்குமா என்று ஊகிக்கும் நிரல்கள் பல இருக்கின்றன. அவை நோயைத் தேடப் பழகியவை. வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல், ஒரு மருந்து உள்ளே போனபோது மட்டும் உயிருக்கு உலை வைக்கும் மாற்றத்தை, அந்த மருந்து உடம்பில் எந்த வழியில் உடைகிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் நிரல் அடையாளம் காட்டாது. சின்ன விஷயம்போல் தெரியும் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஆய்வுகள் இந்த மாற்றத்தை 307 என்று எண்ணுகின்றன. இன்றைய தரவுத்தளங்களோ, நொதி வெளியே வருமுன் கழன்றுவிடும் 28 அமிலங்களையும் சேர்த்து 335 என்கின்றன. இரண்டும் ஒன்றே என்று தெரியாதவர் தேடினால் கோவையில் கண்டது கண்ணில் படாமலே போகும்.

வயல் வேலை நிறைந்த நம் மாவட்டத்துக்கு மிகவும் வேண்டியது இதுவரை சொன்னதில் இல்லை. பூச்சிமருந்து அடித்து மயங்கியவரையும் குடித்துவிட்டவரையும் தூக்கிவந்தால் மருத்துவர் பார்க்கும் சோதனைகளில் ஒன்று, இதே சூடோகோலினெஸ்டரேஸ் அளவு. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து இந்த நொதியை முடக்குவதால், அளவு குறைந்திருந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறவியிலேயே நொதி இல்லாதவர் வேறு காரணத்தால் மயங்கி வந்தாலும் சீட்டில் விஷக்காரரின் எண்ணே வரும். கண்பாவை சுருங்கியிருக்கிறதா, வாயில் நுரையும் எச்சிலும் ஒழுகுகிறதா, மூச்சில் சளி அடைக்கிறதா என்று ஆளைப் பார்க்காமல் சீட்டை மட்டும் நம்பினால் மருத்துவம் திசை மாறும். நொதி உள்ளவருக்கு விஷத்தின் ஒரு பங்கை அதுவே ரத்தத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். இல்லாதவருக்கு அந்தத் தடுப்பும் இல்லை. மருந்து தெளிக்கும் வேலையிலிருந்து அவர்கள் விலகி இருப்பது நல்லது.

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம், எடப்பாடி என்று இந்தச் சமவெளியில் தங்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொள்ளும் சமூகங்கள் எத்தனை! ஒவ்வொன்றின் பாவிலும் எந்த இழை ஓடுகிறது என்று தேடிப் பார்க்க வேண்டிய வேலை பெரும்பாலும் பாக்கி இருக்கிறது. 2020-ல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்து, 2025 ஜனவரியில் அவற்றை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் அவை இருக்கின்றன. நம் கல்லூரிகளில் உயிர்தகவலியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அயல்நாட்டுத் தரவை எடுத்துத் திரும்பத் திரும்ப அலசும் ப்ராஜெக்டுகளை விட்டு, நம் மக்கள் உண்ணும் மருந்துகளை உடைக்கும் நொதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாத காரியங்களும் உண்டு. சாதியைக் கேட்டுத்தான் இதைத் தவிர்க்க முடியும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடும்பத்தில் முன்பு நடந்ததைக் கேட்டால் போதும், அதை எல்லோரிடமும் கேட்கலாம். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் நொதியின் அளவைப் பார்ப்பது விஷச் சோதனைக்குச் செய்யும் அதே சாதாரண லேப் வேலை. நொதி இல்லையென்று தெரிந்தால் ரோகுரோனியம் போன்ற வேறு தசைதளர்த்தி இருக்கிறது. வழி இல்லாமல் யாரும் சாக வேண்டிய நிலை இது அல்ல.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவைக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள். எந்த மருந்து என்று அதில் இல்லாவிட்டால் மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்குங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரிடமும் சொல்லுங்கள். இரு பிரதியும் பிழையாக வந்தவரின் உடன்பிறந்தோரில் நான்கில் ஒருவருக்கு அதே நிலை இருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த அறுவைக்குப் போகும்போது அந்தத் தாளை மயக்க மருத்துவரின் கையிலேயே கொடுங்கள். மருந்தால் நேர்ந்த தீங்கை நீங்களே பதிவு செய்யவும் வழி இருக்கிறது. மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.