கடற்கரை மணலும் கட்டிலாச் சக்தியும்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணல் பல இடங்களில் கறுத்துக் காணப்படும். அக்கருமைக்குப் பெரிதும் காரணமாக இருப்பது இல்மனைட் என்னும் தாது. இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவோடு கூடி அமைந்தது அது. டைட்டானியம் உறுதியில் எஃகுக்கு ஈடு கொடுக்கும். எடையிலோ எஃகில் ஏறக்குறைய அறுபது சதவீதமே. கடல்நீர் அதனை அரிப்பதில்லை. விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் இத்தகைய உலோகம் இன்றியமையாதது. ஆயினும் தாது நம் கரையில் குவிந்து கிடக்க, உலோகத்தை நெடுங்காலம் அயல்நாடுகளிலிருந்தே வாங்கி வந்தோம். தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதில் உள்ள இடர்ப்பாடே இதற்கு முக்கிய காரணம். அந்த இடர்ப்பாடு எத்தகையது என்பதை ஒரு கணக்கின் வாயிலாகக் காணலாம்.

ஒரு ரசாயன மாற்றம் தானே நிகழக்கூடியதா என்பதை அறிய, அமெரிக்க அறிஞர் கிப்ஸ் 1870-களில் வகுத்த முறை பயன்படுகிறது. மாற்றத்தின்போது வெப்ப அடக்கத்தில் ஏற்படும் வேறுபாட்டை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். என்ட்ரோபியின் வேறுபாட்டைக் கெல்வின் உஷ்ணநிலையால் பெருக்கி, அதிலிருந்து கழிக்க வேண்டும். எஞ்சுவது கட்டிலாச் சக்தியின் மாற்றம். இது குறை எண்ணாயின் மாற்றம் நிகழ இடமுண்டு. மிகை எண்ணாயின் இல்லை. பொருள்கள் யாவும் திட்ட நிலையில், அதாவது வாயுக்கள் ஒரு பார் அழுத்தத்திலும் மற்றவை தூய வடிவிலும் உள்ளனவாகக் கொண்டால், கிடைப்பது திட்டக் கட்டிலாச் சக்தி மாற்றம் எனப்படும்.

கணக்கிடும் வழி எளிது. ஒவ்வொரு சேர்மமும் தன் தனிமங்களிலிருந்து உண்டாகும்போது ஏற்படும் மாற்றத்தை 25 டிகிரி உஷ்ணநிலைக்கு அட்டவணைகள் தருகின்றன. தனிமங்களுக்கு இந்த எண் பூஜ்யம். விளைபொருள்களின் எண்களைக் கூட்டி, தொடக்கப் பொருள்களின் எண்களைக் கழித்தால் விடை கிடைக்கும். நமக்கு வேண்டிய எண்கள், மோல் ஒன்றுக்குக் கிலோஜூலில், இவை: டைட்டானியம் டை ஆக்ஸைடு −888.8, கார்பன் மோனாக்ஸைடு −137.2, கரியமில வாயு −394.4; டைட்டானியம் டெட்ரா குளோரைடு ஆவி −726.3; மக்னீசியம் குளோரைடு −591.8.

இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கி டை ஆக்ஸைடைப் பெற்றுவிட்டதாகக் கொள்வோம். இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டு இரும்பு எடுப்பதுபோல் இதிலும் செய்யலாகாதா? டை ஆக்ஸைடு ஒரு மோலும் கரி இரண்டு மோலும் சேர்ந்து, டைட்டானியமும் இரண்டு மோல் கார்பன் மோனாக்ஸைடும் தருவதாக வைத்துக் கணக்கிட்டால், −274.4-லிருந்து −888.8-ஐக் கழிக்க +614.4 வருகிறது. சாதாரண உஷ்ணநிலையில் இது நடவாது. உஷ்ணத்தை உயர்த்தினால் என்ன? இம்மாற்றத்தில் வெப்ப அடக்கம் 723 கிலோஜூல் உயர்கிறது. என்ட்ரோபி கெல்வினுக்கு 0.364 கிலோஜூல் உயர்கிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1986 கெல்வின். அதாவது, சுமார் 1700 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியபின் எண் குறை எண்ணாக மாறும். இரும்பு சுமார் 700 டிகிரியிலேயே கரிக்கு இணங்குகிறது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவ்வளவு சூட்டைத் தரும் உலை இல்லாமலில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. டைட்டானியம் கரியோடு கூடிக் கார்பைடாகும் இயல்புடையது. டை ஆக்ஸைடு மூன்று மோல் கரியோடு கூடிக் கார்பைடு தரும் மாற்றத்துக்கு இதே கணக்கைச் செய்தால், 538.5-ஐ 0.352-ஆல் வகுக்க 1530 கெல்வின், அதாவது ஏறக்குறைய 1260 டிகிரி கிடைக்கிறது. உலோகம் தோன்றுவதற்கு நானூறு டிகிரிக்கும் மேல் முன்னதாகவே கார்பைடு தோன்றிவிடும். உலையில் கிடைப்பது உலோகம் அன்று, நொறுங்கும் கார்பைடே.

ஆகவே ஆக்ஸைடைக் குளோரைடாக மாற்றுவதே வழி. டை ஆக்ஸைடின்மேல் குளோரினை மட்டும் செலுத்தினால் மாற்றம் +162.5, பயனில்லை. கரியையும் உடன் சேர்த்தால், விடுபடும் பிராணவாயு கரியமில வாயுவாகிறது, எண் −231.9 ஆகிவிடுகிறது. உலோகத்தைக் கெடுத்த அதே கரி இங்கே துணையாகிறது. விளைந்த டெட்ரா குளோரைடு 136 டிகிரியில் கொதிக்கும் திரவமாதலால், காய்ச்சி வடித்துத் தூய்மை செய்வதும் எளிது.

அடுத்து, அக்குளோரைடின் ஆவியை உருகிய மக்னீசியத்தோடு கூட்ட வேண்டும். இருமடங்கு −591.8-லிருந்து −726.3-ஐக் கழித்தால் −457.3. லக்ஸம்பர்க் நாட்டு உலோகவியலறிஞர் குரோல் கண்ட முறை இது. உலையின் உஷ்ணநிலை 850 டிகிரியளவாக இருக்கும். அங்கே இந்த எண், உருகலைக் கணக்கில் கொள்ளாத தோராய மதிப்பீட்டின்படி, −285 ஆகும். குறைந்தபோதிலும் போதிய அளவே.

சோடியத்தைக் கொண்டு செய்தால் 25 டிகிரியில் −810 கிடைக்கும். 1910-இல் ஹன்டர் சோடியத்தைக் கொண்டே தூய டைட்டானியத்தைப் பெற்றார். எண் பெரிதாயிருந்தும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மக்னீசியத்தையே நாடின. உப்பு உருக 801 டிகிரி வேண்டும். சோடியமோ 883 டிகிரியில் ஆவியாகிவிடும். இடைவெளி குறுகியது. மக்னீசியம் குளோரைடு 714 டிகிரியில் உருகுகிறது, மக்னீசியம் 1090 டிகிரியில்தான் கொதிக்கிறது. குளோரைடை உருகிய நிலையில் வடித்தெடுத்து, மின்பகுப்பால் மக்னீசியத்தையும் குளோரினையும் மீண்டும் பெறலாம். எந்த முறை கையாளத் தக்கது என்பதைக் கட்டிலாச் சக்தி சொல்லாது. எது நிகழ இயலும் என்பதை மட்டுமே அது சொல்லும்.

ஹைதராபாத்தில் 1963-இல் அமைந்த பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் இந்தக் குரோல் முறையை நம் நாட்டுக்கேற்ப உருவாக்கியது. 48 கிராம் டைட்டானியம் உண்டாகும்போதே 519 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுவதால், குளோரைடை அளந்து மெதுவாகச் செலுத்த வேண்டும். சூடு மிஞ்சினால் எஃகுக் கலத்தின் இரும்பு டைட்டானியத்தோடு கலந்துவிடும். பிராணவாயுவும் நைட்ரஜனும் நுழையாதபடி ஆர்கான் வாயுவைச் சூழவிட வேண்டும். இறுதியில் கிடைப்பது துளைகள் நிறைந்த கட்டி. அதனாலேயே அது டைட்டானியப் பஞ்சு எனப்படுகிறது. இம்முறையைக் கொண்டு சவராவிலுள்ள கேரள மினரல்ஸ் அண்டு மெட்டல்ஸ் நிறுவனத்தில் 2011-இல் ஆண்டுக்கு 500 டன் கொள்ளளவுள்ள ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கு நிதி தந்தது விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்.

அதே கரிய மணலில் சிர்கான் என்ற தாதுவும் உண்டு. 1971-இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகத்தில், சிர்கோனியமும் டெட்ரா குளோரைடாக மாற்றப்பட்டு, மக்னீசியத்தைக் கொண்டே உலோகமாகப் பெறப்படுகிறது. சிர்கோனியம் டெட்ரா குளோரைடின் எண் −889.9. மேற்கண்ட முறையில் கணக்கிடும் மாணவர் −293.7 என்ற விடையைப் பெறுவர்.