ஓய்வும் உழைப்பின் ஒரு பகுதியே

"ஊரை விட்டு வந்ததே உழைக்கத்தான், ஓய்வையெல்லாம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மவர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாராவியில் தையல் கூடம் நடத்துபவரும் சரி, டோம்பிவிலியிலிருந்து நெரிசலில் தொங்கிக்கொண்டு அலுவலகம் போகிறவரும் சரி, ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை கிடைத்தால் விடுவதில்லை. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எனக் காரணங்கள் உண்டு. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால், நேரம் கூடினால் விளைவும் கூடும் என்ற கணக்கு எந்த அளவுக்குச் சரி என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் வாழும் இந்த மும்பையிலேயே இந்தக் கேள்வி நூறாண்டுகளுக்கும் முன்பே எழுந்தது. அந்நாளில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சூரியன் உதித்தது முதல் மறையும் வரை உழைத்தார்கள். வார விடுமுறை கிடையாது. ஜோதிராவ் புலேயின் தோழரும் 'தீனபந்து' இதழின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகாண்டே, 1884-இல் அவர்களைத் திரட்டினார். ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரை மணி நேர இடைவேளை ஆகியவற்றைக் கேட்ட மனுவில் சுமார் 5,500 பேர் கையொப்பமிட்டனர். 1890 ஏப்ரலில் மகாலட்சுமி பந்தய மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினர். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ஆலை அதிபர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். நாம் சாதாரணமாக நினைக்கும் ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போராடிப் பெற்றதுதான்.

வேலை நேரம் குறைந்தால் உற்பத்தி குறையும் என்றுதான் முதலாளிகள் எங்கும் அஞ்சினார்கள். அதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள சைஸ் கண்ணாடிக் கருவித் தொழிற்சாலையில், 1900-இல் எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலறிஞர் ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். செய்யும் அளவுக்கேற்பக் கூலி பெற்ற 233 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலை சுமார் 16 விழுக்காடு கூடியிருந்தது. எட்டு மணி நேர வேலை, முன்பு ஒன்பது மணி நேரத்தில் நடந்ததைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது!

முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் எடுத்த கணக்குகளை, ஜான் பென்கேவல் என்ற பொருளாதார அறிஞர் 2014-இல் மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி வரை, நேரத்துக்குத் தக்கபடி உற்பத்தி வளர்ந்தது. அதன்பின் வளர்ச்சி மங்கியது. 70 மணி உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி உழைத்தவர்களின் உற்பத்தியைவிட அதிகம் வேறுபடவில்லை. வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லாதபோது வார உற்பத்தியே பாதிக்கப்பட்டது என்பதையும் அவர் கண்டார்.

இதற்குக் காரணம் எளியது. களைத்த கை மெதுவாக ஓடும், தவறும் செய்யும். தவறாகத் தைத்ததைப் பிரித்துத் தைக்கும் நேரமும் வேலை நேரம்தானே? கவனம் பிசகினால் விரலே போகலாம். உறங்கும்போது உடல் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. பகலில் கற்றதை மூளை பதிய வைத்துக்கொள்வதும் அப்போதுதான். எனவே நள்ளிரவு வரை பிள்ளையை விழிக்க வைத்துப் படிக்கச் சொல்வதும், ஞாயிறு முழுவதும் டியூஷனுக்கு அனுப்புவதும் படிப்புக்கே எதிராக முடியலாம்.

வேலை நேரத்தை முதலாளிதான் தீர்மானிக்கிறார், நாம் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வரம்பையும், வாரம் ஒரு விடுமுறையையும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளையையும் விதித்தது. ஆனால் சிறு கூடங்களுக்கும் சொந்தத் தொழிலுக்கும் அது எட்டவில்லை. அங்கே நம் கூடத்தை, நம் கடையை எப்போது அடைப்பது என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஆண்களுக்கு ஞாயிறு விடுமுறை என்றால், நம் வீட்டுப் பெண்களுக்கு அன்றுதான் இரட்டை வேலை. காலையில் இட்லி, மதியம் விருந்தினர், மாலையில் ஒரு வாரத் துணி. லோகாண்டே பெற்றுத் தந்த விடுமுறை இன்னும் நம் சமையலறை வரை வந்து சேரவில்லை என்பதே என் எண்ணம். அன்று ஒருவேளைச் சமையலையும் துணி துவைப்பதையும் மற்றவர்கள் ஏற்றுக்கொண்டால், திங்கட்கிழமை காலை வீடு முழுவதும் தெம்போடு எழுந்திருக்கும். செலவில்லாத இந்தச் சோதனையை வரும் ஞாயிறே தொடங்கலாமே!