கிணற்றில் விழும் மிருகராஜன்

தன் நிழலைப் பகைவனென்று எண்ணிக் கிணற்றில் பாய்ந்து மாண்ட சிங்கத்தின் கதையைச் சிறு பிராயத்தில் கேளாதவர் யார்? முயலின் சாமர்த்தியத்தை மெச்சினோமே தவிர, சிங்கத்துக்காக நாம் பரிதாபப்பட்டதில்லை. குஜராத்தில் கீர் காட்டை அடுத்த கிராமங்களிலோ அந்தக் கதை மெய்யாகவே நடந்திருக்கிறது. முயலின் தந்திரம்கூட அங்கே தேவைப்படவில்லை. வயல் நடுவே ஒரு மொட்டைக் கிணறு போதும். இருட்டில் இரையைத் துரத்தி வரும் சிங்கம் உள்ளே விழுந்துவிடும்.

ஒரு காலத்தில் பாரசீகம் முதல் பீகார் வரை உலவிய ஆசியச் சிங்கம், இன்று காட்டில் வாழ்வது உலகிலேயே சௌராஷ்டிரம் ஒன்றில்தான். ஜுனாகட் நவாபுகள் வேட்டைக்குத் தடை விதித்திராவிட்டால் அதுவும் இராது. 1968-ல் எண்ணியபோது 177, 2025-ல் 891! மகிழ்ச்சிதான். ஆனால் கீர் காடு அத்தனையையும் கொள்ளுமா? பாதிக்கு மேற்பட்டவை சரணாலயத்துக்கு வெளியே, மாந்தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும் திரிகின்றன. ரயிலில் அடிபட்டு மாண்டவையும் உண்டு.

உழவனுக்குக் கிணறு இல்லாமல் முடியாது. சுவர் எழுப்பவோ காசு வேண்டும். வன இலாகாவும் தொண்டு ஸ்தாபனங்களும் கைகொடுத்ததால், ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுந்தது. அப்படியும் ஒன்று விழுந்துவிட்டால், கயிறும் வலையுமாக வன ஊழியர்கள் ஓடி வருகிறார்கள். சில சமயம் கயிற்றுக் கட்டிலே கிணற்றுக்குள் இறங்குவதுண்டு! ஓடிப்போய்த் தகவல் சொல்கிறவன் கிராமத்தான். சிங்கத்திடம் எருமையைப் பறிகொடுப்பவனும் அவனே. சர்க்கார் நஷ்டஈடு தருகிறது என்றாலும், பட்டணத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்யும் நமக்குக் கறவை எருமையின் அருமை தெரியுமா? ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ந் தேதி, சிங்க தினத்தன்று, அங்கே பள்ளிப் பிள்ளைகள் சிங்க முகமூடி அணிந்து ஊர்வலம் போகிறார்கள். அவர்களுடைய தகப்பன்மார்தாம் கிணற்றுச் சொந்தக்காரர்கள். ஆகவே அது வெறும் வேடிக்கை அல்ல.

கிணற்றைவிடப் பெரிய ஆபத்து நோய். 2018-ல் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் மாண்டன. அவற்றில் சிலவற்றிடம், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் கிருமி காணப்பட்டது. எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருந்தால் கதி என்ன? சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் குடியேற்றும்படி சுப்ரீம் கோர்ட்டு 2013-லேயே உத்தரவிட்டது. குனோவுக்கு 2022-ல் ஆப்பிரிக்கச் சிவிங்கிகள் வந்து இறங்கின, சிங்கம் போகவில்லை.

ஓர் ஆண் சிங்கம் மட்டும் எவர் உத்தரவுக்கும் காத்திராமல், 2023-ல் போர்பந்தர் அருகேயுள்ள பர்டா மலைக்காட்டுக்குத் தானே நடந்து போய்ச் சேர்ந்தது. 2025 கணக்கெடுப்பில் பர்டாவில் 17 சிங்கங்கள், குட்டிகளையும் சேர்த்து.