டார்ச் வெளிச்சத்தில் ஒளிரும் கட்டி

பிறந்த குழந்தையின் கழுத்தில், பக்கவாட்டில், மெத்தென்று ஒரு வீக்கம். தொட்டால் குழந்தை அழுவதில்லை. அமுக்கினால் உள்வாங்குகிறது. மருத்துவர் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அதன்மேல் வைத்து அடிக்கிறார். வீக்கம் முழுவதும் சிவந்து ஒளிர்கிறது. உள்ளே இருப்பது சதை அல்ல, தெளிந்த நீர். சளி பிடித்தால் நெறி கட்டுமே, அந்த வகையும் அல்ல. இதுதான் ‘சிஸ்டிக் ஹைக்ரோமா’ எனப்படும் நிணநீர்க் கட்டி.

கரு வளரும்போது நிணநீர்க் குழாய்கள் சீராக உருவாகி, கழுத்தடியில் சிரைகளில் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேராமல் தனித்துப்போன பகுதியில் நிணநீர் தேங்கி, பை பையாக உப்பிவிடுகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறக்கும்போதே தெரியும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். இது புற்றுநோய் அல்ல.

கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதைத் தின்றாய் என்று தாயைக் குடைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பழியில் துளியும் உண்மையில்லை. கருத்தரித்த பிறகு, வளரும் கருவின் ஏதோ ஒரு செல்லில், ‘பிஐகே3சிஏ’ என்ற மரபணுவில் தற்செயலாக நேரும் பிழைதான் இத்தகைய கட்டிகள் பலவற்றுக்குக் காரணம் என்று 2015-இல் தெரியவந்தது. அந்தப் பிழை பெற்றோரிடமிருந்து வருவதில்லை. (கருவிலேயே பின்கழுத்தில் ஸ்கேனில் தெரியும் வீக்கம் வேறு, அதற்கு டவுன், டர்னர் போன்ற குரோமோசோம் கோளாறுகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.)

கத்தி வைத்து எடுப்பது சுலபமில்லை. பைகள் பெரிய ரத்தக் குழாய்களுக்கும் முகநரம்புக்கும் இடையே புகுந்து கிடக்கும். நரம்பில் கீறல் பட்டால் வாய் கோணிவிடும். மிச்சம் வைத்தால் மறுபடி வளரும். 1980களில் ஜப்பானின் கியோட்டோவில் ஷூஹேய் ஒகிடா என்ற அறுவை மருத்துவர் வேறு வழி தேடினார். கிருமித் தொற்று வந்துபோன பிறகு சில கட்டிகள் தானாகச் சுருங்குவது தெரிந்த விஷயம். அந்த அழற்சியை நாமே உண்டாக்கினால் என்ன? வீரியம் குறைந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் பென்சிலின் கொண்டு செயலிழக்கச் செய்து தயாரித்த ‘ஓகே-432’ மருந்தைப் பைக்குள் ஊசியால் செலுத்தினார். சில நாள் காய்ச்சல் அடித்தது, கட்டி சிவந்து வீங்கியது, பிறகு வாரக்கணக்கில் வற்றியது. 1987-இல் முடிவுகளை வெளியிட்டார். பெரிய பைகளில் நல்ல பலன். கடுகு கடுகாய்ச் சிதறிய சிறு பைகளில் அவ்வளவு இல்லை. இப்போது ப்ளியோமைசின், டாக்சிசைக்ளின் மருந்துகளும் இப்படிச் செலுத்தப்படுகின்றன.

சிறு பைகளுக்கு சிரோலிமஸ் கைகொடுக்கிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து இது. பழுதான மரபணு ஓயாமல் முடுக்கிவிடும் வளர்ச்சிச் சங்கிலியை நடுவில் தடுக்கிறது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பதால் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

குழந்தை நன்றாகப் பால் குடித்து, சிரமமின்றி மூச்சு விட்டால் பொறுத்திருந்து கவனிக்கலாம். ஆனால் சளி, காய்ச்சலின்போதோ உள்ளே ரத்தம் கசிந்தாலோ கட்டி திடீரென்று பெருக்கும். மூச்சில் கீச்சொலி கேட்டால், பால் விழுங்கத் திணறினால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.