குருவி தெரியாத பையன்



சர்க்கரை வியாதி, டிங்கிக் காய்ச்சல், பாம்புக் கடி என்று இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நான், இம்முறை குருவி பார்க்கப் போன கதையை எழுதுகிறேன். டிரஸ்ஸருக்கு வேறு வேலை இல்லையா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கதை பாதி போவதற்குள் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கண் இதில் வந்துவிடும்.

நம் நாட்டில் குளிர்காலம் ஏது? மழைக்காலமும் வெயில்காலமும்தான். ஆனால் வடக்கே சைபீரியா, மங்கோலியா, வட சீனப் பக்கம் பனி மூடிவிட்டால், அங்கே குஞ்சு பொரித்த பறவைகளுக்குத் தீனி கிடைக்காது. அவை கூட்டங்கூட்டமாகத் தெற்கே கிளம்பிவிடும். கடற்கரைச் சேற்றில் தீனி பொறுக்கும் பறவைகளும் மற்ற நீர்ப்பறவைகளுமாக ஏறக்குறைய ஐந்து கோடி, கிழக்காசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் அந்த வான்பாதையில் போய்வருகின்றன என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் ஒரு பங்கு நம் மேற்குக் கரைச் சேற்றில் இறங்கி, மார்ச்சு ஏப்ரல் வரை தங்குகிறது. பென்டோங் போன்ற பட்டணங்களில் பொழுது சாய்ந்ததும் மின்கம்பியில் வரிசையாக வந்து உட்காரும் தகைவிலான் குருவியும் இப்படி வருவதுதான். எடை இருபது கிராம் இருக்கும், அவ்வளவுதான். நம் வேலிக் கம்பியில் தனியாக உட்கார்ந்து கிர் கிர்ரென்று கத்தும் பழுப்புக் கீச்சானும் வந்த விருந்தாளிதான். நான் இத்தனை வருடமாக அதை உள்ளூர்க் குருவி என்றே நினைத்திருந்தேன்.

பட்டணத்தில் பறவை பார்ப்போர் குழு ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர் ஒருவர், பேங்கில் வேலை செய்யும் பெண் என்று பலதரப்பட்டவர்கள். ஒவ்வொரு சனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறார்கள். 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு இப்போது ஆசியா முழுக்க அந்த மாதத்தில் நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை அழைத்துப் போகட்டுமா என்று அவர்கள் கேட்டதும், பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் பழைய மண்டோர் ஒருவரும் வேலை ஓய்ந்து வீட்டில் இருப்பவர், "நானும் வரேன் தம்பி, சும்மா உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு" என்று ஏறிக்கொண்டார்.

கிளம்பும்போது லயத்துப் பாட்டி ஒருத்தி தடுத்தார். "வெளிநாட்டுக் குருவி நோய் கொண்டாரும், புள்ளைங்கள ஏன் கூட்டிப் போற?" அவர் பயத்தில் தப்பில்லை. 1998, 1999இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய நிப்பா நோயில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்ததை மறக்க முடியுமா? அது பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. 2004இல் கிளந்தானில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் தூரத்தில் நின்று பார்ப்பதால் எந்த நோயும் ஒட்டாது. நோயுற்ற கோழியைக் கையாளுவதும், செத்த பறவையைத் தூக்குவதும்தான் ஆபத்து. செம்பனைக் காட்டில் செத்துக் கிடக்கும் கொக்கையோ காடையையோ எடுத்துவந்து குழம்பு வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது நோயில் செத்ததா, மருந்தடித்த புல்லில் செத்ததா, யார் கண்டது? தொடாதீர்கள். தொட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பாட்டிக்கும் இதைத்தான் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றார், முகம் மட்டும் தெளியவில்லை.

போன இடம் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1987இல் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியில் உருவானது. பக்கத்தில் புக்கிட் மெலாவத்தி, கீழே கண்டல் காடு, நடுவில் உப்புத்தண்ணீர்க் குட்டை, பார்ப்பதற்குக் கோபுரம். கடல் ஏறும்போது கரைச் சேறு முழுகிவிடுமல்லவா, அங்கே மேய்ந்த பறவைகளெல்லாம் ஒதுங்க இடம் தேடி உள்ளே வரும். அந்த நேரம் பார்த்துத்தான் எண்ணுகிறார்கள். நான் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதலில் பத்துப் பறவை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, பிறகு பத்துப் பத்தாகக் கூட்டத்தை அளந்துகொண்டே போகிறார்கள். தராசுக் காலத்தில் பால் நிறுத்த பழைய கிராணிமார்களுக்கு இது சுலபமாக வரும்.

சிவப்புக் காலுள்ள பவளக்காலி, வளைந்த மூக்குள்ள கோட்டான், பொன்புள்ளி போட்ட உப்புக்கொத்தி எல்லாம் பார்த்தோம். பூரோங் போத்தாக் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மொட்டைத் தலை நாரை ஒன்று மரத்து உச்சியில் கிழவன் மாதிரி நின்றது. அது விருந்தாளி அல்ல, இந்த ஊர்க்காரன். பிள்ளைகள் கூச்சல் போடாமல் நின்றதே எனக்கு அதிசயம்.

அங்கேதான் அந்தப் பையன். வயது ஒன்பது. எல்லாரும் "அந்தா, அந்தா" என்று காட்டும்போது அவனும் "ஆமா, ஆமா" என்றான். குழுவில் வந்த பெண் சும்மா கேட்டார், "எத்தனை இருக்கு தம்பி?" அவன் பக்கத்துப் பையன் முகத்தைப் பார்த்தான். அவன் சொன்ன எண்ணையே இவனும் சொன்னான். அந்தப் பெண் விடவில்லை. பைனாகுலரை அவன் கையில் கொடுத்து, நடுவில் உள்ள உருளையை மெல்லத் திருப்பச் சொன்னார். திருப்பிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னான்: "ஐயா, அதுக்கு காலு இருக்கு."

தோழர்களே, அந்தப் பையன் மூன்று தடவை தலைவலி என்று என் மருந்தகத்துக்கு வந்தவன். மூன்று தடவையும் பனடோல் கொடுத்து, வெயிலில் விளையாடாதே என்று சொல்லி அனுப்பியவன் நான். கண் பார்க்கும் அட்டை என் அலமாரிக் கதவுக்குப் பின்னாலேயே தொங்குகிறது. அவனை அதன் முன்னால் நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் அவனுக்கு மந்தப் பிள்ளை என்று பெயர். கரும்பலகையில் எழுதுவதைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வருவான். அவன் அம்மா அடித்திருக்கிறார். மறுநாள் நிறுத்திப் பார்த்தேன். ஆறு மீட்டர் தூரத்தில் மேலே உள்ள பெரிய எழுத்துக்குக் கீழே ஒரு வரிகூடத் தாண்ட முடியவில்லை. கிட்டப்பார்வை. கண்ணாடிக் கடையில் சோதித்துக் கண்ணாடி போட்டாயிற்று. அம்மா என் முன்னாலேயே அழுதார். "நான் என்ன பாவம் செஞ்சேன் ஐயா, புள்ளைய அடிச்சிட்டேனே" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பாவத்தில் பாதி என்னுடையது.

பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே மங்கலாகத் தெரிந்தால் அதுதான் உலகம் என்று நினைத்துக்கொள்ளும். தெரியவில்லை என்று வாய் திறந்து சொல்லாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்கிறதா, கண்ணை இடுக்கிப் பார்க்கிறதா, தலையை ஒரு பக்கம் சாய்க்கிறதா, பந்து பிடிக்கத் தெரியாமல் நிற்கிறதா, அடிக்கடி தலை வலிக்கிறது என்கிறதா, இவற்றைக் கவனியுங்கள். வீட்டில் தொங்கும் குதிரைக் காலண்டர் போதும். அண்ணன் தம்பி எந்த இடத்தில் நின்று தேதியைப் படிக்கிறார்களோ, அதே இடத்தில் நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடட்டும், அழுத்த வேண்டாம். பிறகு மற்றக் கண். ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது முக்கியம். ஏனென்றால் ஒரு கண் நன்றாயிருந்து மற்றது கெட்டிருந்தால், நல்ல கண் எல்லா வேலையையும் செய்துவிடும். கெட்ட கண்ணை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். இதைச் சோம்பற்கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் திருத்துவது சுலபம். வயது ஏற ஏறக் கடினம். பள்ளிக்குச் சுகாதாரக் குழு வந்து பார்வை பார்க்கும் நாளில் பிள்ளை லீவு போட்டிருந்தால், பிறகு கேட்டுப் பார்க்க வையுங்கள்.

இன்னொன்று. வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தைவான் நாட்டுப் பள்ளிகளில் 2010 முதல் தினம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியே விட ஏற்பாடு செய்தார்கள். நம் பிள்ளைகளுக்குத் தோட்டம் முழுக்க வெளிச்சம் இருக்கிறது. ஆனால் கையில் கைப்பேசியோடு ஐந்தடிக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். விளையாட விடுங்கள். வந்துவிட்ட கிட்டப்பார்வையை அது போக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கண்ணாடிதான்.

நம் மண்டோரை மறந்துவிட்டேனே. கோபுரத்தில் அவரும் பைனாகுலர் வாங்கிப் பார்த்தார். வலது கண்ணில் நன்றாகத் தெரிகிறதாம். இடது கண்ணில் ஒட்டடை மாதிரி ஏதோ அலைகிறது, கண்ணாடி அழுக்காயிருக்கிறது என்று சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அழுக்கு கண்ணாடியில் இல்லை. அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கண்ணின் பின்புறம் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களைச் சர்க்கரை அரித்து, உள்ளுக்குள் கசிய வைக்கும். வலிக்காது. கண் சிவக்காது. அதுதான் மோசம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. இந்தியர்களில் பத்தில் மூன்று பேர். இத்தனை பேரில் வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் லயத்திலேயே எண்ணிப் பாருங்கள். அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் கண்ணின் பின்புறத்தைப் படம் எடுக்கும் கருவி உண்டு. மண்டோரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். லேசர் வைத்திருக்கிறார்கள். போன பார்வை முழுசாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொன்னார்களாம். "அந்த மொட்டத் தல குருவிதான் தம்பி என் கண்ணக் காட்டிக் கொடுத்துச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அறுவடைக்காரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணாந்து மட்டை வெட்டும்போது பூவும் தூசியும் முள்ளும் கண்ணில் விழுவதைத் தினமும் பார்க்கிறேன். விழுந்தால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். குத்தி நிற்கும் எதையும் பிடுங்காதீர்கள், லேசாக மூடிக்கொண்டு ஓடி வாருங்கள். மருந்து தெறித்தால் குறைந்தது கால்மணி நேரம் தண்ணீர் ஓடவேண்டும். தாய்ப்பால் பீய்ச்சுவது, இலைச்சாறு விடுவது வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை, அதற்குச் சம்பளத்தில் காசு பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வேலையில் பட்ட கண் காயத்துக்குப் பெர்கேசோ உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. நம்மோடு குலை வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரியாது.

பையன்களின் லாஸ்திக்கையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு கல் குருவிக்குப் படாமல் எதிரே நின்ற பெண் பிள்ளையின் கண்ணில் பட்டு, அந்தக் கண் போனதை நான் இந்தக் கையால் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை. கணக்கெடுப்புக்கு வந்த பத்துப் பேரில் நான்கு பேர் லாஸ்திக்கைத் தாங்களாகவே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. மற்ற ஆறு பேர் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

மார்ச்சில் அந்தக் குழு போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போகிறது. சுமத்ராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்பும் இடம் அது. பருந்துக்குக் கடல்மேல் ஏறி மிதக்க வெப்பக் காற்று கிடைக்காது. அதனால் நீரிணை குறுகலான இடமாகப் பார்த்துக் கடந்து, களைத்துப்போய்த் தாழப் பறந்து கரையேறும். 2000ஆம் ஆண்டு முதல் இயற்கைக் கழகத்தார் அங்கே பருந்து பார்க்கும் விழாவும் நடத்திவருகிறார்கள். வெயில் ஏறிய பிறகுதான் பருந்து வரும். ஆகவே தொப்பி, தண்ணீர், சர்க்கரைக்காரர்களுக்குக் கையில் பிஸ்கட் அவசியம். பைனாகுலரைச் சூரியனுக்கு நேராகத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் விழித்திரை வெந்துவிடும், வலிகூடத் தெரியாது. பருந்து சூரியன் பக்கம் போனால் அதை விட்டுவிடுங்கள், அடுத்தது வரும்.

வேனில் பன்னிரண்டு இடம். கண்ணாடி போட்ட பையன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டான், மண்டோர் இரண்டாவது. பெயர் கொடுக்கிறவர்கள் முதலில் சனிக்கிழமை காலை மருந்தகத்துக்கு வரவேண்டும். கண் அட்டை இப்போது அலமாரிக்குப் பின்னால் இல்லை, வாசலுக்கு எதிரே தொங்குகிறது.