அபர்யாப்தம் என்னும் சொல்

குருக்ஷேத்ரத்துத் தாயாதிப் போரில் துர்யோதனனிடம் 11 அக்ஷௌஹிணி, பாண்டவரிடம் 7. ஆயினும் கீதையின் முதல் அத்யாயம் 10ஆம் ச்லோகத்தில் அவன் தன் சேனையை ‘அபர்யாப்தம்’ என்கிறான். ‘அளவற்றது’ என்று பொருள் கொள்வாரும் உளர். எம்பெருமானாரோ, தன் பலம் வெல்லப் போதாதென்று கண்டு அவன் தளர்ந்ததாகவே கீதாபாஷ்யத்தில் அருளிச்செய்தார். இதுவே பொருந்தும், உடனே பீஷ்மர் அவனுக்கு ஹர்ஷமுண்டாகும்படி சங்கம் முழக்கினாரன்றோ? தளர்ந்தவனைத்தானே தேற்றவேண்டும்.

அந்த பீஷ்மரும் பாண்டவரைக் கொல்வதில்லை என்று முன்பே சொன்னவர். கௌரவர் பொருளுக்குத் தாம் கட்டுண்டதை யுதிஷ்டிரரிடம் ஒப்புக்கொண்டவர். த்ரோணரும் க்ருபரும் சொன்னது அதுவே. மாத்ரியின் உடன்பிறந்த சல்யனோ வழியிற் செய்த உபசாரத்தில் சிக்கியவன். நட்பால் நின்ற கர்ணனும் பீஷ்மர் வீழுமளவும் போர்புரியாது விலகியிருந்தான்.

எதிர்ப்பக்கத்துச் சேனாபதி த்ருஷ்டத்யும்னன். துர்யோதனன் வாயில் வந்ததோ பீமன் பெயர். அவன் தொடையைப் பிளப்பதாக பீமன் ஸபையில் செய்த சபதமே காரணம்.