பள்ளியை மாற்றும் முன்...

 

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வருவோர் பெரும்பாலும் கேட்பது: "பிள்ளையை எந்தப் பள்ளிக்கு மாற்றலாம்?" கடன் வாங்கியாவது மாற்றிவிட வேண்டும் என்று சிலர் துடிக்கிறார்கள். அதற்கு முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் கல்வி 1976 முதல் மத்திய, மாநில அரசுகளின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகள்கூட வெவ்வேறு பாடத்திட்டத்தில் நடக்கலாம்.

தமிழ்நாட்டில் முன்பு மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், அரபி போன்ற மொழிகளுக்கு இடமளித்த ஓரியண்டல் என நான்கு முறைகள் இருந்தன. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் இவற்றை ஒன்றாக்கியது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே மெட்ரிக் பள்ளி என்ற பெயர் இருந்தாலும், அங்கு படிப்பது அரசுப் பள்ளியின் அதே பாடத்திட்டம்தான். வசதியும் கட்டணமும் வேறாக இருக்கலாம், பாடம் வேறல்ல.

சிபிஎஸ்இ பள்ளிகளின் முறை வேறு. பாடம் என்சிஇஆர்டி நூல்களை ஒட்டியது. படித்ததைப் புதிய சூழலில் பொருத்திப் பார்க்கும் கேள்விகள் தேர்வில் அதிகம். பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்து பழகிய பிள்ளை, திடீரென அங்கே போனால் திணறும். அது பிள்ளையின் அறிவுக் குறைவு அல்ல, பழக்கக் குறைவு. திட்டாதீர்கள்.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறு. அங்கே தமிழ் படிக்காமலேயே வளர்ந்த பிள்ளை, இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ந்தால் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வைச் சந்திக்க வேண்டும். கூடுமானவரை ஆறாம் வகுப்புக்குள் அழைத்து வந்துவிடுங்கள். சிபிஎஸ்இ பள்ளிகளில் 10, 12ஆம் வகுப்புகளில் நேரடியாகச் சேர்வதும் எளிதல்ல. 9, 11ஆம் வகுப்புகளிலேயே பதிவு நடந்துவிடும்.

"அரசுப் பள்ளியில் பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கிறான்" என்பது இன்னொரு குறை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பாட்டும் செயலுமாகச் சொல்லித் தருகிறார்கள். அந்த விளையாட்டும் பாடம்தான். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

முக்கியமான ஒன்று: மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கும், மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டத்திற்கும், 6 முதல் 12 வரை படித்த பள்ளிகள் எவை என்று பார்ப்பார்கள். இடையில் ஓரிரு ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை கைநழுவிப் போகக்கூடும். தற்போதைய விதியைத் தலைமையாசிரியரிடம் கேட்ட பிறகே டி.சி. வாங்குங்கள்.

ஹிஃப்ளு ஓதுவதற்காகப் பள்ளியை நிறுத்திய பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) மூலம் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் பள்ளி என்று ஒன்று இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து முடிவெடுக்காமல், உங்கள் பிள்ளையின் வயது, மொழி, குடும்ப வருமானம் மூன்றையும் பார்த்து முடிவெடுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய மதிப்பெண் பட்டியலுடன் அலுவலகத்திற்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பேசுவோம்.

– செயலாளர்